அப்பா சரின்னுட்டார்

புது ஸ்பீக்கருக்கு இப்படி ஒரு வாடை இருக்கும்னு யாரும் சொல்லல. பிளாஸ்டிக், பசை, தெர்மாகோல் எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு வதக்குன மாதிரி ஒரு வாடை ஹால்ல இருந்து கெளம்பி, அடுப்படியத் தாண்டி, இந்தப் பின்னறைக்குள்ள வந்து என் மூக்கு மேலயே குந்தியிருக்கு. அதுக்குள்ள இன்னொரு வாடை, ஸ்பீக்கர் பொருத்த வந்திருக்கிற கமலக்கண்ணன் வாசல்ல கழட்டிப் போட்ட சாக்ஸ். தூ. நகராட்சியில சுகாதார ஆய்வாளரா இருந்தவன் நான். பாக்கியநாதன் படியேறுறான்னா ஓட்டல்காரன் குருமாவத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியா ஓடுவான், நேத்து வச்சதா இன்னிக்கு வச்சதான்னு வாசப்படியிலயே சொல்லிருவேன். பக்கவாதம் வந்து வலது கை போச்சு, வலது கால் போச்சு, பேச்சு போச்சு, இந்த எழவெடுத்த மூக்கு மட்டும் போகல. எடுத்துக்கிட்ட ஆண்டவரு இதையும் சேத்து எடுத்திருக்கலாம். படுத்த படுக்கையாக் கெடக்குறவனுக்கு மூக்கு எதுக்கு? தன் நாத்தத்தத் தானே மோந்து பாக்கவா? காலையில மருமக ஜெயசீலி தொடைச்சு, பவுடர் போட்டு, டயப்பர் மாத்திவிட்டா. பவுடர் வாசனை மேல, மூத்திர வாசனை கீழ, நடுவுல நான். இதுல ஃபேன் வேற கெடையாது. ஃபேன், ஃபிரிட்ஜ், என் காத்து மெத்தைக்குக் காத்தடிக்கிற மோட்டார் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. ஏன்னா ஹால்ல, சோபாவுல எம்மகன் அருள்தாஸ் உக்கார்ற எடத்துல, அவன் காது உசரத்துக்கு ஒரு முக்காலி மேல மைக் நிக்குது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் மொறை வச்சுக் கூவும், மைக் கேட்டுக்கும், எது எவ்வளவு தூரத்துல இருக்கு, எதுக்கு எவ்வளவு சத்தம் வைக்கணும்னு மெஷினே கணக்குப் போட்டுக்கும். அதுவரைக்கும் வீட்ல ஒரு பொட்டுச் சத்தம் கூடாது. "தும்முனாக்கூட மொதல்ல இருந்து எடுக்கணும் சார்." இது கமலக்கண்ணன், பூசை வைக்கிற சாமியார் குரல்ல. அருள் இங்க வந்து நெலப்படியில நின்னு, "அப்பா, கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருக்கணும், சரியா?"ன்னான். நான் "சரி"ன்னேன். பெறகு ஜெயசீலி பக்கம் திரும்பி, "சத்தம் போட்டாருன்னா மாத்திரையக் குடுத்துரு"ன்னான். அதுவும் என் காதுலதான் விழுந்துச்சு.

அந்த மாத்திரை ஸ்டூல் மேல, மருந்து பாட்டில் மூடிக்குள்ள, வெள்ளையா இருக்கு. ராத்திரி தூக்கம் வராமப் பொரண்டா பாதி குடுங்கன்னு டாக்டர் சொன்ன மாத்திரை. அது எப்ப முழுசாச்சு, எப்ப சாயங்காலத்துக்கு வந்துச்சு? பழைய ஸ்பீக்கர் இருந்தப்ப ஒரு நாள் அருளோட ஆபீஸ்காரங்க கிரிக்கெட் பாக்க வந்திருந்தாங்க. அப்ப ஹால்லயே கெடந்த என் கட்டிலுக்குக் குறுக்க ஒரு போர்வையத் தொங்கவிட்டிருந்தாங்க. கடைசி ஓவர்ல எனக்கு இடுப்புப் புண்ணு எரிச்சல் தாங்கல, ஒரு சத்தம் போட்டேன். மாடு கத்துன மாதிரி இருந்திருக்கும், எனக்கே அருவருப்பாத்தான் இருந்துச்சு. "யாருடா அது?"ன்னு ஒருத்தன் கேட்டான். அவ்வளவுதான். அடுத்த தடவை ஆள் வர்றதுக்கு முன்னாடியே மாத்திரை வந்துருச்சு. அதப் போட்டா வர்றது தூக்கம் இல்ல. தூக்கத்துல ஆள் இருப்பான், இதுல ஆளே இருக்கிறதில்ல. மறுநாள் மத்தியானம் வரைக்கும் நாக்கு நனஞ்ச சாக்கு மாதிரி கெடக்கும். பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற நஸ்ரின் படம் காட்டுவா, தண்ணி, பசு, கதவு. மாத்திரை இல்லாத வாரத்துல தண்ணிக்கு "த" வரைக்கும் வந்துட்டேன், அந்தப் பொண்ணு கைதட்டுச்சு. மாத்திரைக்குப் பெறகு அந்த "த"வும் இல்ல. "இத அடிக்கடி குடுத்தா பேச்சு திரும்புறது ரொம்பக் கஷ்டம் சார், இந்த சில மாசத்துக்குள்ள வந்தாத்தான் உண்டு"ன்னு என்னய வச்சுக்கிட்டே அருள்கிட்டச் சொன்னா. அவனும் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டான். கேட்டுக்கிட்டுப் போயி வீடு பூரா ஸ்பீக்கரா வாங்கிட்டு வந்துட்டான். இன்னிக்குச் சாயங்காலம் அதக் கேக்க ஆபீஸ்காரங்க வர்றாங்க. அதே சாயங்காலம்தான் நஸ்ரினும் வருவா. இனிமே தெனம் படம், தெனம் மேட்ச், தெனம் மாத்திரை. எனக்குப் பேச்சு வரணும்னா நான் இப்ப பேசாமக் கெடக்கணும். என்ன பொழப்புடா இது.

என்கிட்டக் கேக்காமலா குடுக்குறான்? கேட்டுத்தான் குடுக்குறான். அதான் வயிறு எரியுது. பேச்சு மொத்தமும் போயி ஒரே ஒரு வார்த்தை மிச்சம் நின்னுச்சு, அது "சரி". ஏன் அது நின்னுச்சோ ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். எத நெனச்சு வாயத் தெறந்தாலும் அதுதான் விழுது. தண்ணின்னு நெனச்சா சரி. வலிக்குதுன்னு நெனச்சா சரி. அட நாசமாப் போறவனேன்னு நெனச்சாலும் நல்லாப் பவ்யமா, சரி. தலைய ஆட்டலாமேன்னா, பக்கவாட்டுல ஆட்ட நெனச்சது மேல கீழ ஆடுது. எடது கையால தள்ளிவிட்டா "கை நடுங்குது பாவம்"னு புடிச்சு அமுக்கிக்கிறாங்க. போன வாரம் வரைக்கும் என் கட்டில் ஹால்லதான் கெடந்துச்சு, சன்னல் ஓரமா. பூ விக்கிறவ போறது, பள்ளிக்கூட வேன், எதுத்த வீட்டுக்காரன் காரக் கழுவுற பேர்ல தெருவச் சாக்கடையாக்குறது, அத்தனையும் பாத்து மனசுக்குள்ள திட்டிக்கிட்டு நிம்மதியாக் கெடந்தேன். கமலக்கண்ணன் வந்து டேப் புடிச்சு அளந்தான். "பின்பக்க எடது ஸ்பீக்கர் கரெக்டா அப்பா படுத்திருக்கிற எடத்துல வருது சார்"ன்னான். அருள் என் பக்கத்துல குனிஞ்சான். வாயில பான் மசாலா வாடை. "அப்பா, உங்கள உள் ரூமுக்கு மாத்திரலாமா? அங்க அமைதியா இருக்கும், சரியா?" உள்ள எனக்கு வந்ததெல்லாம் வேற. சன்னல், பூக்காரி, டேய், எஞ்சன்னல்டா. வெளிய வந்தது சரி. "அப்பா சரின்னுட்டாரு"ன்னு கமலக்கண்ணன்கிட்டச் சொன்னான், பெருமையா. "எங்கப்பாகிட்டக் கேக்காம இந்த வீட்ல எதுவும் நடக்காது." கேக்காம இழுத்துத் தள்ளியிருந்தாக்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். ஜெயசீலிக்குக் கொஞ்சம் தெரியும்னு நெனைக்கிறேன். ஒரு நாள் என் பீய வழிச்சு எடுத்துக்கிட்டு இருக்கும்போது, யார் மேல என்ன கோவமோ, "மாமா, நான் கெட்டவளா?"ன்னு கேட்டா. இல்ல தாயி, இல்லன்னு நெனச்சு வாயத் தெறந்தேன். "சரி." அவ அப்படியே நின்னா. பெறகு சிரிச்சா, வாளியக் கீழ வச்சிட்டுச் சிரிச்சா, சிரிச்சு சிரிச்சு நைட்டிக் கையில கண்ணத் தொடைச்சா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட எதையும் கேக்குறதில்ல, செஞ்சுட்டுப் போயிருவா.

ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல நடு ஸ்பீக்கர். அடித்தொண்டையில உறுமி, மெல்ல மேல ஏறி, கடைசியில எவர்சில்வர் தட்டுல ஆணிய வச்சுக் கீறுன மாதிரி போயி நிக்குது. பல்லு கூசுது. இதக் கேக்கவா சன்னலக் குடுத்தேன். ஒரு சத்தம், பெறகு ஒரு சும்மா, திரும்ப ஒரு சத்தம். அந்தச் சும்மா இருக்கே, அதுதான் பயமாயிருக்கு, அதுல என் மூச்சு எனக்கே இரைச்சலாக் கேக்குது. மூக்கால விடணும். மெதுவா. வேர்வை நெத்தியில இருந்து காதுக்குள்ள எறங்குது, தொடைக்க ஆளில்ல. காலையில அருள் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அட்டைப் பெட்டியில இருந்து எடுத்து, மூக்குக்கண்ணாடி தொடைக்கிற துணியால தொடைச்சானாம். ஜெயசீலி பாத்திரம் வெளக்கிக்கிட்டே போன்ல அவ அக்காகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தா. "பச்சப் புள்ளயக் குளிப்பாட்டுன மாதிரி தொடைக்கிறாருக்கா." என் கடவாய் எச்சிலத் தொடைக்க அவன் ஒரு நாளும் துணி எடுத்ததில்ல. முகத்தத் திருப்பிக்கிட்டு அவளக் கூப்பிடுவான். திருப்பிக்கட்டும், என் ரத்தந்தானே, என் அருவருப்பு அவனுக்கும் இருக்கத்தான் செய்யும். ஆனா நான் அருவருப்பு வந்தா கிட்டப் போயிப் பாப்பேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரியாணிக் கடை, பளபளன்னு டைல்ஸ், ஏசி, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் ரோஜா. மொதலாளி என்னய ஏசிக்குக் கீழ உக்காரச் சொல்லிக் குளிரா ஏதோ கொண்டாரச் சொன்னான். நான் நேராப் பின்னாடி போயி ஃபிரீசரத் தெறந்தேன். கோழி பச்சை பூத்துக் கெடந்துச்சு. முன்னாடி எவ்வளவுக்குப் பளபளப்போ அவ்வளவுக்குப் பின்னாடி போயிப் பாக்கணும், அதுதான் என் தொழில். இந்த வீட்டுக்கும் அதேதான். சாயங்காலம் வர்றவங்க ஹால்ல நின்னு பாப்பாங்க, ஆள் உசரத்துக்குக் கறுப்பா, மினுமினுன்னு ஸ்பீக்கர். யாராவது ஒருத்தன் அடுப்படியத் தாண்டி வந்து இந்தக் கதவத் தெறக்கணும். தெறக்கிறவன் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவான், ஓடட்டும், பாத்துட்டு ஓடட்டும்.

மெத்தை எறங்குது. மோட்டார் இல்லாததால காத்து போயிக்கிட்டே இருக்கு, கட்டில் பலகை இடுப்புப் புண்ணுல தட்டுது. பொறுத்துக்கணும். எடது ஸ்பீக்கர் முடிஞ்சிருச்சு, வலது முடிஞ்சிருச்சு. இப்ப தொண்டையில சளி. நெனைக்கக் கூடாது, நெனைச்சா ஏறும். வேற எதையாவது நெனைன்னா மனசு நேரா பக்கவாதம் வந்து நான் விழுந்த அந்தக் குளியலறைக்குத்தான் போகுது, அந்த ஈரத் தரைக்கு. பல்லு வெளக்கிக்கிட்டு நின்னேன், பிரஷ் கைய விட்டு விழுந்துச்சு, குனிஞ்சேன், குனிஞ்சவன் எந்திரிக்கல. கன்னம் தரையில ஒட்டிக் கெடந்துச்சு. கண்ணுக்கு நேரா கக்கூஸ் பீங்கானோட அடிப்பக்கம், யாரும் குனிஞ்சு பாக்காத எடம், மஞ்சளாக் கறை புடிச்சு, அதுல ரெண்டு மயிரு. சாகப் போறோம்னு தோணல. ச்சீ, இந்த எடத்துக்கு ஆசிட் ஊத்தணுமேன்னுதான் தோணுச்சு. பெறகுதான் அருளக் கூப்பிட்டேன். அருள்னுதான் கூப்பிட்டேன், வந்தது சரி. இன்னும் பலமாக் கூப்பிட்டேன், சரி. கதவுக்கு அந்தப் பக்கம், அந்தப் பழைய ஸ்பீக்கர்ல காரு மோதிக்கிட்டு இருந்துச்சு, குண்டு வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. படம் முடியிற வரைக்கும் யாரும் வரல. இன்னும் சீக்கிரம் கொண்டாந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொன்னப்ப அருள் அழுதான். நெஜமாவே அழுதான், மூக்கச் சிந்திச் சிந்தி அழுதான். அந்த அருள்தான் இப்ப அதவிடப் பெருசா வாங்கியிருக்கான். எப்படிடா முடியுது உன்னால? அவன் கெட்டவன் இல்ல, அதுதான் பெரிய எடஞ்சலே. கெட்டவனா இருந்தா வெறுத்துட்டு நிம்மதியாக் கெடப்பேன். ஞாயித்துக்கெழமை கோயில்ல எம்பேரச் சொல்லி செபம் கேக்குறவன், எனக்குன்னு கொழகொழன்னு பப்பாளிப்பழம் தேடி மார்க்கெட்டச் சுத்துறவன். என் சத்தம் மட்டும் அவனுக்கு ஆகாது. என் சத்தத்தக் கேட்டா அந்தக் குளியலறைக் கதவு ஞாபகம் வருமோ என்னவோ. வரட்டுமே. எனக்கு வருதுல்ல.

பின்பக்க வலது ஸ்பீக்கர் கூவி முடிச்சு அந்தச் சும்மா வந்தப்பதான் ஈ வந்துச்சு. ஒரே ஒரு ஈ. ஒதட்டோரத்துல, எச்சில் காஞ்ச எடத்துல உக்காந்துச்சு. ஈ எங்கெங்க உக்காந்துட்டு வருதுன்னு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயிப் பாடம் எடுத்தவன் நான், எனக்கா தெரியாது. மொத உக்காந்தது அந்தச் சாக்ஸாத்தான் இருக்கும். இப்ப எம்மேல. முன்னங்கால ரெண்டையும் தேய்ச்சுக்கிட்டு, சாப்பாட்டுக்கு உக்காந்த மாதிரி. கைய எடுத்தா கட்டில் கிறீச்சுங்கும். ஊதலாம்னா ஒதடு குவியாது. அது நடந்து வாய்க்குள்ள எட்டிப் பாத்துச்சு. ஒடம்பு பூராக் கூசி, நான் பல்ல இறுக்க, சளி முட்டி, இருமல் வெடிச்சு, அந்த இருமலோட அந்த ஒத்த வார்த்தையும் வந்து விழுந்துச்சு. "சரி!" வீடு பூராக் கேட்டிருக்கும்.

"நிறுத்து, நிறுத்து"ன்னு கமலக்கண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். "ஏதோ சத்தம் உள்ள வந்துருச்சு சார். நாய் வளக்குறீங்களா?" "இல்லைங்க, அப்பா"ன்னான் அருள். "ஐயோ, சாரி சார். மொதல்ல இருந்து எடுத்துருவோம், ஒன்னும் பிரச்சினையில்ல." அருள் வந்து கட்டிலுக்குப் பக்கத்துல நின்னான். சட்டையெல்லாம் அந்தத் தெர்மாகோல் துணுக்கு. கோவமா இல்ல, கெஞ்சுற மாதிரிதான் பேசுனான். "என்னப்பா, சொன்னேன்ல? மாத்திரை போட்டுக்கலாமா? நல்லாத் தூங்கலாம். சரியா?" நான் வாய இறுக்கி மூடிக்கிட்டேன். தெறந்தாத்தானே விழும். மூடியே கெடந்தேன், அவன் மூஞ்சியவே பாத்தேன். என்னயப் பெத்தவன் ஜாடை அதுல இருக்கு, என் ஜாடையும் இருக்கு. ஆனா இந்தக் கழுத்து இருக்கே, நன்றி கெட்டது, அது தானா லேசா ஆடுச்சு, மேலயும் கீழயும். "சரிங்கறாரு"ன்னான். "ஜெயா, குடுத்துரு. முழுசாக் குடு. சாயங்காலம் எழுப்ப வேணாம்." ஜெயசீலி அடுப்படியில இருந்து, "நஸ்ரின் வருவாளே இன்னிக்கு"ன்னா. "வர வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிரு." "அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லுச்சுங்க, இந்த மாத்திரை..." "ஜெயா, இந்த ஒரு நாள்." அவன் போயிட்டான். ஹால்ல இருந்து "வீட்ல அமைதியா இருங்க, எடுக்கப் போறோம்"னு கமலக்கண்ணன் குரல் வந்துச்சு.

மறுபடி அந்த உறுமல். ஜெயசீலி பூனை மாதிரி அடியெடுத்து வந்தா. ஸ்டூல்ல இருந்த மூடிய எடுத்தா, தம்ளர அது எடத்துல வச்சா, கட்டில் ஓரத்துலயே உக்காந்தா. டெட்டால், பூண்டு உரிச்ச கை, வேர்வை. இந்த வீட்ல நான் மூஞ்சியச் சுளிக்காத வாடை அவளோடது மட்டும்தான். எதுவும் கேக்கல, அதுக்கு அவளுக்குக் கோடிப் புண்ணியம். காதுகிட்டக் குனிஞ்சு மூச்சால சொன்னா, "இன்னிக்கு மட்டும் மாமா. அவருகூடச் சண்டை போட இன்னிக்கு என்கிட்டத் தெம்பில்ல." கண்ணுக்குக் கீழ கறுப்பு. பாவம், நாலு ஆள் வேலை செய்றவ. அவளுக்காக வாயத் தெறந்துரலாமான்னுகூட ஒரு நிமிசம் இருந்துச்சு. இன்னிக்கு மட்டும். நாளைக்கு எழுந்திரிக்கும்போது அதுவும் இன்னிக்குத்தான், நாளன்னிக்கும் இன்னிக்குத்தான். நஸ்ரின் ஒரு நாள் வேணாம்னா ரெண்டாம் நாளும் வேணாம், பெறகு அவ வேற வீட்டுக்குப் போயிருவா. "த" போயிரும். கடைசியில கல்லறைத் தோட்டத்துல எடம் பாத்துட்டு வந்து குனிஞ்சு, அப்பா, அந்த மூலை நல்லாயிருக்கு, சரியான்னு கேப்பான். அவ ரெண்டு விரலால மாத்திரைய எடுத்து என் ஒதட்டுல வச்சா. எச்சில்ல பட்டதும் அது கரையத் தொடங்குச்சு, கசப்பு ஒதட்டுல எறங்கி நாக்க எட்டுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம், என் கட்டில் கெடந்த எடத்துல நிக்கிற ஸ்பீக்கரோட மொறை இப்ப. கீழ இருந்து உறுமி மேல ஏறுது. எனக்கும் வயித்துல இருந்து ஒன்னு ஏறுது. வாந்தின்னுதான் நெனச்சேன். நான் எந்த வார்த்தையையும் தேடல. நஸ்ரின் சொல்லிக்குடுத்த மாதிரி ஒதட்டக் குவிக்கப் பாக்கல, படத்த நெனைக்கல. கசப்பும் பிளாஸ்டிக் நாத்தமும் பான் மசாலாவும் அந்தக் கக்கூஸ் மஞ்சக் கறையும் எல்லாம் ஒன்னாத் தெரண்டு தொண்டைக்கு வந்து வாயத் தெறந்துச்சு. அந்தச் சனியன் புடிச்ச "சரி"தான் விழப்போகுதுன்னு நானே வெறுத்துப்போயிக் கண்ண மூடிக்கிட்டேன்.

"மாட்டேன்."

ஜெயசீலி கை அப்படியே நின்னுச்சு. மாத்திரை நழுவித் தலகாணியில விழுந்துச்சு. ஹால்ல அந்தக் கூவல் பாதியில அறுந்துச்சு. "இப்ப யாரு சார் பேசுனது?"ன்னான் கமலக்கண்ணன். "ஜெயா"ன்னு அருள் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கேட்டான், "இன்னுமா மாத்திரையக் குடுக்கல நீ?" அவ என்னயவே பாத்துக்கிட்டு இருந்தா. ஹால்ல மைக் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு, அவ கொரலக் கொறைக்கல.

"மாட்டேங்கறாருங்க"ன்னா.